அறுபது லீற்றர் மண்ணெண்ணெய்

அத்தியாயம் 4

“சேர், உங்கட கணக்கை நீங்களே ஒருக்காச் செய்து காட்டுங்கோ.”

கஜேந்தினி கேட்டுவிட்டாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த நிரோஜன் கண்ணை மூடிக்கொண்டான். நெளுக்குளத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் மோட்டச்சைக்கிளில் அவன் ஓதிக்கொண்டு வந்ததே இதை மட்டும் கேட்கவேண்டாம் என்றுதான். அவர்களுடைய முதலாளி பொன்னையா, பொலிசில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது தனியார் விசாரணை நிலையம் நடத்துகிறவர், காலையில் அவளை வாசலில் மறித்து வைத்துச் சொன்னதும் இதைத்தான்.

“பிள்ளை, எப்ப எண்டு கேள், எங்க எண்டு கேள், ஆர் எண்டு கேள். ஒரு சேரைப் பாத்து ‘செய்து காட்டு’ எண்டு மட்டும் ஒருநாளும் கேளாத. எங்களுக்கு வேலை தந்ததே அந்தாள்தான்.”

அந்தாள், பிரதாபன் சேர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபத்தைக் காட்டாமல் இருக்கப் பழகிய முகம். காது மட்டும் சிவந்துவிட்டது.

“தங்கச்சி எங்க படிச்சது?”

“வவுனியாக் கம்பஸ். கணிதம்.”

“அப்பா?”

“வட்டக்கச்சியில வயல் செய்யிறார். அதுக்கும் நான் கேட்டதுக்கும் என்ன சேர் சம்பந்தம்?”

“ஒண்டுமில்லை. வீட்டில முதல் டிகிரி போல. அதுதான் சத்தம் கொஞ்சம் கூட.”

“ஓம் சேர். முதல் டிகிரிதான். ரெண்டாவதுக்கு என்ர தங்கச்சி வருவாள். அவள் என்னிலும் சத்தம்.”

நிரோஜன் இருமினான். ஐந்து வருஷம் வவுனியா–முல்லைத்தீவு தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். வாயால்தான் அந்த வேலை போனது. இப்போது கஜேந்தினிக்கு உதவியாள். வேலை மாறினாலும் வாய் மாறவில்லை. ஆனால் வாயில் தன்னை ஒருத்தி முந்துவதைக் கண்டால் அவனுக்கே பயம் வந்துவிடும்.

வழக்கு இதுதான். பிரதாபன் சேர் நடத்துவது ‘கணக்குவாசல்’ என்கிற இணையத்தளம். பதினொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னேரத்தில் போனைத் திறந்து அதில்தான் கணித வீட்டுப்பாடம் செய்கிறார்கள். கணக்கு ஒன்று, உள்ளே வருகிற எண்ணும் நாளும் பெயரும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால் விடை பிழைக்கும். அப்படி இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு கணக்குகள். அத்தனையும் தான் எழுதியவை என்கிறார் சேர்.

அங்கே இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு விலகிய ஸ்ரெல்லா என்கிற பெண் அவற்றையெல்லாம் களவெடுத்து முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டாள் என்பது முறைப்பாட்டின் முதற்பகுதி. விலகும்போது 417ஆம் கணக்கை வேண்டுமென்றே பழுதாக்கிவிட்டுப் போனாள் என்பது இரண்டாம் பகுதி.

நாளை காலை ஒன்பது மணிக்கு ஸ்ரெல்லாவுக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகம். அந்த மேசைக்கு அவள் போக முந்தி முறைப்பாடு போக வேண்டும். கூடவே, கணிதம் படித்த ஒருத்தரின் கையெழுத்தோடு ஓர் அறிக்கையும். ‘கணக்குகள் சேருடையவை. 417 சதி.’ அவ்வளவும் எழுதினால் போதும், ஸ்ரெல்லாவின் வாழ்க்கையில் கரும்பலகை என்கிற பொருள் இராது. அந்தக் கையெழுத்துக்குத்தான் கஜேந்தினி வந்திருந்தாள்.

“செய்து காட்ட நான் என்ன எட்டாம் வகுப்போ?” என்றார் பிரதாபன். “உதை ஒருத்தராலும் செய்ய ஏலாது. சரியான விடையைப் போட்டாலும் பிழை எண்டு காட்டுது. முப்பத்தொரு பிள்ளையள் முறையிட்டிருக்குதுகள். பழுதாக்கினவள் அவள்.”

“சரியான விடை எவ்வளவு சேர்?”

“எல்லாம் இதில இருக்கு.” ஒரு கோவையை மேசையில் தள்ளிவிட்டார். “வாசிக்கத் தெரியும்தானே.”

லப்டொப்பையும் அவள் பக்கம் திருப்பினார். கணக்குகளின் பட்டியல். ஒவ்வொன்றின் கீழும் ‘ஆக்கியவர்: பிரதாபன்’. அவள் கீழே உருட்டிக்கொண்டே போனாள். ஒரே பெயர்.

“தட்டச்சு அடிச்சது அவள். தலை என்ரது,” என்றார் அவர்.

ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். ‘குறிப்பு: நிறுத்தப்பட்டது.’

“இது என்ன சேர்?”

“பிழை விட்ட பிள்ளைக்குக் குறிப்புக் குடுத்தா மூளை துருப்பிடிக்கும். அவள் போன அண்டைக்கே எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன். வேற ஏதும் செய்து காட்ட வேணுமோ தங்கச்சிக்கு?”

“இப்ப வேண்டாம்,” என்றாள் கஜேந்தினி, கோவையை எடுத்துக்கொண்டு. “பின்னேரம் வாறன்.”

*

எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் நிரோஜன் இரண்டு வடையைக் கையில் வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தான்.

“மிஸ், பொன்னையா ஐயாவுக்கு நான் என்ன சொல்ல? ‘நீங்கள் கேக்க வேண்டாம் எண்டதைத்தான் அவ முதல் கேட்டவ’ எண்டோ? இல்லாட்டி ‘வணக்கம் சொல்ல முந்தியே கேட்டவ’ எண்டோ?”

“நீர் வடையைத் தின்னும். தின்னேக்க உந்த முறைப்பாடுகளைப் பிரியும். எந்தப் பள்ளிக்கூடம், பிள்ளைக்கு வந்த கணக்கில ‘இன்று’ எந்தக் கிழமை எண்டு.”

“கொண்டக்டருக்கு ரிக்கற் எண்ணத்தான் தெரியும்.”

“அதுதான் வேலை.”

அவள் போனில் 417ஐத் திறந்தாள். கணக்கு இப்படி இருந்தது:

‘இன்று திங்கட்கிழமை விடியற்காலை. ஒரு வள்ளத்துக்கு 60 லீற்றர் மண்ணெண்ணெய் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை விடியற்காலைதான் மறுபடி எண்ணெய் கிடைக்கும். அதுவரை தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு எரிப்பதானால், ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர்?’

இதில் என்ன பழுது. திங்களிலிருந்து ஞாயிறு வரை ஏழு நாள். அறுபதை ஏழால் பிரி. எட்டுத் தசம் ஐந்து ஏழு. போட்டாள்.

பிழை, என்றது போன்.

மறுபடி பிரித்தாள். மறுபடி அதுவே வந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கியவளுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு சிவப்பு எழுத்தில் பிழை என்று சொல்ல, அவளுக்குச் சேரின் காதைப் போலவே காது சுட்டது.

“முடிஞ்சுது,” என்றான் நிரோஜன். வடை சுற்றின தாளின் மறுபக்கத்தில் கோடு கோடாக எண்ணியிருந்தான். “பள்ளிக்கூடம் எண்டு பாத்தா ஸ்கந்தபுரம், வட்டக்கச்சி, அந்தப் பக்கங்கள்தான். எல்லாம் வயல்காரர். கரையோரப் பள்ளிக்கூடத்தில ஒரு முறைப்பாடும் இல்லை. அங்க பிள்ளையளுக்குக் கணக்கு வராதோ, கோவம் வராதோ தெரியேல்லை.”

“கிழமை?”

“திங்கள் ஆறு. செவ்வாய் அஞ்சு. புதன் நாலு. வியாழன் ஏழு. வெள்ளி நாலு. சனி அஞ்சு.”

“ஞாயிறு?”

“ஞாயிறு லீவு.”

பகிடிக்குத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தொரு பிள்ளைகள், கிழமையைக் கண்டபாட்டுக்கு எழுமாறாகப் பொறுக்குகிற இயந்திரம், ஒருவருக்குக்கூட ஞாயிறு வரவில்லை.

“நிரோ, ஒரு கணக்கு எழுதிற ஆள் முதல்ல எதை எழுதும் சொல்லும்.”

“பேரை. அதுக்குத்தானே சண்டை.”

“விடையை. பிள்ளைக்கு முழு எண் வர வேணும், அதுக்குத் தோதா பின்னுக்கிருந்து முன்னுக்கு வரும். ஏழு நாளால பிரிக்கிற கணக்கெண்டா எழுபது வைக்கும், எம்பத்திநாலு வைக்கும். அறுபதை ஏன் வைக்க வேணும்? அறுபது ஆறால பிரிபடும். தொடங்கிற கிழமை பிந்தப் பிந்த அஞ்சால, நாலால, மூண்டால, ரெண்டால, ஒண்டால. ஏழால மட்டும் பிரிபடாது.”

“அப்ப?”

“அறுபதைத் தெரிஞ்செடுத்த ஆளுக்குக் கிழமையில ஆறு நாள்தான்.”

விடையாகப் பத்தைப் போட்டாள். பச்சை எழுத்து வந்தது. சரி.

“சரி, ஆறு நாள்,” என்றாள். “ஆருக்கு? எங்கட வாய்க்காலில தண்ணி முறை வந்தா ஞாயிறு எண்டு பாக்கேலாது. அப்பா நல்லநாள் பெருநாளிலயே மம்பட்டியோட நிண்டவர். கடல் மட்டும் கிழமைக்கு ஒருக்கா மூடுமோ?”

நிரோஜன் வடையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

“மூடும் மிஸ்.”

“என்ன?”

“ஞாயிறு எங்கட பஸ்ஸில மீன்பெட்டி ஏறாது. அஞ்சு வருசம் அந்த நாத்தத்துக்கு நடுவில ரிக்கற் கிழிச்சனான். ஞாயிறு ஒரு நாள்தான் மூச்சு விட்டனான். அண்டைக்கு அந்தச் சனம் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு ஏறும், கையில செபமாலை. கோயிலடியில இறங்கும். கரையில ஒரு வள்ளமும் தள்ளுறேல்லை.”

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள்.

“முதலே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கணக்குக் கேட்டியள். நாத்தம் கேக்கேல்லை.”

“பிரதாபன் சேர் எந்த ஊர்?”

“ஸ்கந்தபுரம். தகப்பனுக்குப் பத்து ஏக்கர் வயல்.”

“எடும் மோட்டச்சைக்கிளை.”

*

முல்லைத்தீவில், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி, கரைப்பக்கம் இரண்டு ஒழுங்கை. ஸ்ரெல்லாவின் தாய் இராசாத்தி முற்றத்தில் மீன்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தா. வந்தவர்களை அவ நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் நின்ற இடத்துக்குத் தண்ணீரை ஊற்றினா.

“கிளிநொச்சியில இருந்து வந்த பிள்ளையளோ? கதிரை இல்லை. நிண்டுகொண்டு கதையுங்கோ.”

நிரோஜன் நனைந்த சப்பாத்தைப் பார்த்தான். “நிக்கிறம் அம்மா. நிண்டு பழக்கம். பஸ்ஸில வேலை செய்தனான்.”

ஸ்ரெல்லா குசினி வாசலில் வந்து நின்றாள். நாளை போடுவதற்கான சேலை அவள் தோளில் கிடந்தது. அயன் பண்ண எடுத்திருக்க வேண்டும். மெலிந்த, தூக்கமில்லாத முகம்.

“அந்தாள் அனுப்பின ஆக்கள்தானே நீங்கள். என்ன எழுத வேணுமோ எழுதுங்கோ. என்னட்ட எதுக்கு வந்தனீங்கள்?”

“417,” என்றாள் கஜேந்தினி.

ஸ்ரெல்லாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல.

“நீங்களும் ஏழால பிரிச்சனீங்களோ?”

“ஓம். பிரிச்சனான். பிறகு பிடிச்சிட்டன். ஆனா ஒண்டு சொல்லுறன், உது நியாயமில்லாத கணக்கு. வயல்காரப் பிள்ளைக்கு உங்கட ஞாயிற்றுக்கிழமை எப்பிடித் தெரியும்?”

“அதுக்குத்தான் குறிப்பு எழுதினனான்.” குரல் உயர்ந்தது. “எல்லாத்துக்கும் எழுதினனான். வாய்க்கால் தண்ணியை வைச்சு எழுதின கணக்கில எங்கட பிள்ளையள் தடக்கி விழுந்ததுகள். அதுகளுக்கும் குறிப்பு இருக்கு. பிழைச்சா உடன குறிப்பு வரும், வாசிச்சிட்டுத் திரும்பச் செய்யலாம். பிழை விடட்டும் எண்டுதான் அந்தக் கணக்கே. நான் தொகுப்புப் பிரிச்சதும் அப்பிடித்தான். தவணை, அலகு எண்டு இல்லை. பிள்ளை எப்பிடிப் பிழைக்குது எண்டு பாத்துப் பிரிச்சனான். ‘குறியைத் தொலைச்சவை.’ ‘அலகை மறந்தவை.’ ‘அவசரப்பட்டு எண்ணினவை.’”

“417 எந்தத் தொகுப்பு?”

“கேக்காததை எண்ணினவை.”

கஜேந்தினி கம்பஸில் நாலு வருஷம் படித்தபோது ஒரு விரிவுரையாளர்கூடப் பிழையை இப்படி அடுக்கி வைத்துக் காட்டியதில்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை வந்தால் அவள் நம்பிவிடுவாள். அது அவளுடைய பழக்கம்.

“கையெழுத்துக் கொப்பியள் இருக்கோ?”

“கந்தோர்ச் சொத்தெண்டு அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டார்.”

“உம்மட பேரில ஏன் ஒண்டும் இல்லை?”

“எனக்கு எக்கவுண்ட் தரேல்லை. ரெண்டு வருசமும் அவற்ர பாஸ்வேர்ட்டிலதான்.”

“அதையும் பொறுத்துக்கொண்டு இருந்தனீரோ? ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

“கேக்கிறதோ?” ஸ்ரெல்லா சேலையைத் தோளிலிருந்து இழுத்தெடுத்தாள். “இந்த ஒழுங்கையில ஏஎல் பாஸ் பண்ணின முதல் ஆள் நான். படிச்ச ஆக்களுக்கு நடுவில எதைக் கேக்கப்படாது எண்டு எங்களுக்கு முதல் நாளே சொல்லிப்போடுவினம். உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

சொன்னார்கள். இன்று காலையிலும் சொன்னார்கள்.

“417இன்ர குறிப்பில என்ன எழுதினனீர்?”

“அவரிட்டயே போய்க் கேளுங்கோ. எழுதினவர் எண்டா மனப்பாடமா இருக்குமே.” உள்ளே திரும்பியவள் நின்றாள். “அவருக்குக் குறிப்பை நிப்பாட்டத் தெரியும். திறந்து பாக்கத் தெரியாது.”

இராசாத்தி அடுத்த பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றினா. இந்த முறை அவர்கள் நின்ற பக்கம் ஊற்றவில்லை.

திரும்பி வரும் வழியில் புதுக்குடியிருப்பில் கஜேந்தினி அவன் தோளைத் தட்டினாள். “பொன்னையா ஐயாவுக்கு விலகல் கடிதம் எழுதிப்போட்டன்,” என்றாள்.

“எப்ப?”

“இப்ப. மனதுக்குள்ள.”

நிரோஜன் வேகத்தைக் குறைத்தான். “எனக்கும் சேர்த்தோ?”

“உமக்கு நீர்தான் எழுத வேணும்.”

*

இரண்டரை மணிக்கு அவர்கள் மாடியேறியபோது பொன்னையாவே அங்கே இருந்தார். வவுனியாவிலிருந்து காரில் வந்திருக்கிறார். மடியில் ஒரு தோல் பை. பிரதாபன் சேருக்குப் பக்கத்தில், ஒரே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி.

“என்ன பிள்ளை, சேரோட ஏதோ பிரச்சினைப்பட்டியாம்.”

“இல்லை ஐயா. அறிக்கையை முடிக்க ஓர் இடம் வெறுமையாக் கிடக்கு.” குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினாள். “417இல பிள்ளையள் சரியான விடையைப் போட்டும் பிழை எண்டு காட்டினது எண்டு எழுத வேணும். சரியான விடை எவ்வளவு எண்டு சேர் சொல்லாமல் நான் எப்பிடி எழுத? நாளைக்கு அங்க ஆரும் கேட்டா?”

பொன்னையா யோசித்தார். பொலிசுக்காரனுக்கு வெறும் இடம் பிடிக்காது.

“அதுவும் சரிதான். சேர், ஒரு நிமிச வேலைதானே. ஒருக்காச் செய்து காட்டிவிடுங்கோவன்.”

நிரோஜன் சுவரில் இருந்த கலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

பிரதாபன் பெருமூச்சு விட்டுக்கொண்டு லப்டொப்பை இழுத்தார். இயந்திரம் அவருக்கும் திங்கட்கிழமையைக் கொடுத்தது. கண் ஒருக்கா மேலே போய்வந்தது, உதடு எண்ணியது, விரல் தட்டியது. எட்டுத் தசம் ஐந்து ஏழு.

பிழை.

“பாத்தியளோ?” என்று பொன்னையாவிடம் திரும்பினார். “இதைத்தான் சொன்னனான். எழுதின எனக்கே பிழை எண்டு காட்டுது.”

“எழுதின உங்களுக்கே,” என்றாள் கஜேந்தினி. இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. “சரி சேர். அதின்ர குறிப்பைத் திறவுங்கோ.”

“குறிப்பு நிப்பாட்டியிருக்கு.”

“நிப்பாட்டினது பிள்ளையளுக்கு. எழுதினவருக்குத் தெரியும்தானே எங்க இருக்கெண்டு.”

சேரின் விரல் திரையில் மேலும் கீழும் அலைந்தது. நிரோஜன் எட்டி, சாம்பல் கட்டத்தை இரண்டு தரம் தட்டினான். எழுத்து விரிந்தது. கேட்காமலே அவன் சத்தமாக வாசித்தான், பஸ்ஸில் தரிப்பிடம் சொல்கிற அதே குரலில்.

“‘ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போறேல்லை. அண்டைக்குப் பூசை. மிச்ச நாளை மட்டும் எண்ணு. உனக்கு இது தெரியாட்டி வெக்கப்படாத, வயல்காரருக்கு இது தெரியாது.’” நிமிர்ந்தான். “சேர், வெக்கப்பட வேண்டாமாம்.”

பொன்னையா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உங்கட ஊரில கிழமைக்கு ஏழு நாள் சேர்,” என்றாள் கஜேந்தினி. “என்ர ஊரிலயும் ஏழு நாள். நானும் எட்டுத் தசம் அஞ்சு ஏழுதான் போட்டனான். உதை எழுதின ஆளின்ர ஊரில ஆறு நாள். அதாலதான் அறுபது. அதாலதான் முறைப்பாட்டுப் பட்டியலில ஞாயிறே இல்லை. கணக்கு பழுதில்லை. பழுது எழுதினவர் எண்டு இருக்கிற பேரில.”

பிரதாபன் அவளைப் பார்த்தார். பிறகு ஆறுதலாகத் திரையைப் பார்த்தார். குறிப்பின் மேல் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். எழுத்து காணாமற்போனது. அழிக்க மட்டும் அவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கவில்லை.

“எங்க குறிப்பு?” என்றார். “நான் ஒண்டையும் காணேல்லை. ஐயா கண்டியளோ?”

பொன்னையாவும் ஒன்றையும் காணவில்லை. தோல் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லை சேர்,” என்றாள் அவள். “அழிக்கிறதெண்டா இன்னும் ரெண்டாயிரத்து நூற்றுப் பதினைஞ்சு கிடக்கு. ஒண்டையும் நீங்கள் வாசிக்கேல்லை. ஆனா அழிச்சும் பிரயோசனமில்லை. ஸ்ரெல்லா களவெடுத்தது எண்டு முறைப்பாட்டோட ஒரு பிரதி இணைச்சிருக்கிறியள், ரெண்டாம் இணைப்பு. போகேக்க அதைக் கோவையில பாத்தனான். அவள் கரையோரப் பிள்ளையளுக்குக் குடுத்த அச்சுப்பிரதி. ஒவ்வொரு கணக்குக்குக் கீழயும் குறிப்பு இருக்கு, 417க்கும் சேர்த்து. அவள் எழுதினதுக்குச் சாட்சியை நீங்களே ஊசிபோட்டுக் கட்டி வைச்சிருக்கிறியள்.”

சேர் கையை நீட்டி, அவள் கொண்டுவந்து வைத்திருந்த கோவையைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டாம் இணைப்பை உருவினார். மேசை லாச்சியைத் திறந்து, போட்டு, பூட்டினார். ஒரு வார்த்தை சொல்லாமல் திறப்பைச் சட்டைப் பையில் வைத்தார்.

“இணைப்பு ஒண்டுதான் போகுது,” என்றார். “ஐயா, உங்கட பிள்ளையிட்ட அந்தக் கடதாசியைக் குடுங்கோ.”

பொன்னையா தோல் பையைத் திறந்தார். இரண்டு பக்கம் தட்டச்சு. மேலே தலைப்பு, கீழே கோடு, கோட்டுக்குக் கீழே ‘வை. கஜேந்தினி, கணித விஞ்ஞானமாணி’. அவள் கையில் வாங்கி வாசித்தாள். எல்லாம் இருந்தது. கணக்குகளை அவள் ‘நுணுக்கமாகப் பரிசோதித்திருந்தாள்’. 417 ‘தீய நோக்கத்துடன் மாற்றப்பட்டது’ என்று கண்டுபிடித்திருந்தாள். ‘சரியான விடை’ என்ற இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக விட்டிருந்தது.

பிறகு திகதியைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை.

இன்று புதன். இந்த வழக்கு இருக்கிறதென்று பொன்னையா அவளுக்குச் சொன்னதே நேற்றுப் பின்னேரம்.

“நிரோ, இதைப் பாரும்,” என்று தாளை அவனிடம் நீட்டினாள். “நான் எவ்வளவு கெட்டிக்காரி. வழக்கு வர நாலு நாளைக்கு முந்தியே கண்டுபிடிச்சிட்டன்.”

நிரோஜன் பார்த்தான். திகதியை விரலால் தடவிப் பார்த்தான்.

“ஐயா,” என்றாள். “என்னை ஏன் பிடிச்சு அனுப்பினனீங்கள்? விசாரிக்கவோ?”

“பிள்ளை, இந்தத் தொழிலில…”

“விசாரிக்கவோ ஐயா?”

“ஒரு டிகிரி தேவைப்பட்டது,” என்றார் பொன்னையா, கொஞ்சம் களைத்தவர் போல. பொய் சொல்ல அவர் மினக்கெடவில்லை. “வேற ஆக்களிட்டப் போனா ஆயிரம் கேள்வி கேப்பினம். நீ புதுப் பிள்ளை. கேக்க மாட்டாய் எண்டு நினைச்சன். சரி, கேட்டிட்டாய். கெட்டித்தனம்தான், நான் இல்லையெண்டேல்லை. இப்ப வை கையெழுத்தை. அந்தப் பெட்டைக்கு வேற வேலை கிடைக்கும். கடல் இருக்கு, கருவாடு இருக்கு. உனக்கு என்ன இருக்கு, யோசி. கொப்பர் ஊரெல்லாம் சொல்லித் திரியிறார், மகள் வவுனியாவில கந்தோரில எண்டு.”

“அப்பாவுக்கு நான் சொல்லுவன்.”

“நீ வைக்காட்டி நான் வைப்பன். நிலையத்தின்ர முத்திரை போதும்.”

“வையுங்கோ. உங்கட பேரை நல்லா விளங்கக்கூடியதா எழுதுங்கோ.” அறிக்கையைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தாள். பேனையை எடுத்து நின்றபடியே எழுதினாள்; எழுதுவதைச் சொல்லிக்கொண்டும் எழுதினாள். “‘417ஆம் கணக்கு சரி. பிரதாபன் சேர் அதை எனக்கு முன்னால் ஏழால் பிரித்தார். எழுதியவர் அவர் அல்ல. இந்த அறிக்கை, எனக்கு வழக்குச் சொல்ல நாலு நாளைக்கு முந்தியே என் பெயரில் அடிக்கப்பட்டது.’” இன்றைய திகதி. கையெழுத்து. கைபேசியில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தாள், தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

“அது என்ர கடதாசி,” என்றார் பொன்னையா.

“என்ர பேர் இருக்கு ஐயா. உங்கட பேர் எங்க?”

பிரதாபன் எழுந்துவிட்டார். “எங்க கொண்டுபோகுது தங்கச்சி அதை?”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு அந்த மேசைக்கு. ஸ்ரெல்லாவுக்குப் பக்கத்தில நான் இருப்பன். உங்கட முறைப்பாடு வந்தா நான் எழும்பி ஒண்டுதான் கேப்பன். சேரையும் கூப்பிடுங்கோ, ரெண்டு பேரையும் இருத்தி 417ஐக் குடுங்கோ, ஆர் எழுதினது எண்டு அஞ்சு நிமிசத்தில தெரியும் எண்டு.”

“உள்ள விடாயினம்.”

“வெளியில நிண்டு கேப்பன். என்ர சத்தம் கூட எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பொன்னையா மேசையில் உள்ளங்கையால் தட்டினார். அடித்ததாகச் சொல்ல முடியாது. வயது போன மனிதன் கடைசியாகக் கதவைச் சாத்திப் பார்ப்பது போல இருந்தது. “இஞ்ச பார். இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வரேலாது. வவுனியாவில, கிளிநொச்சியில, ஒரு கந்தோரிலயும் உன்னை எடாமல் பண்ணுவன். இப்ப முடிவெடு.”

கலண்டருக்குப் பக்கத்தில் நின்ற நிரோஜன்தான் கழுத்தை நீட்டிப் படிக்கட்டைப் பார்த்தான்.

“அவ இறங்கிட்டா ஐயா,” என்றான். “நீங்கள் ‘இஞ்ச பார்’ எண்டு தொடங்கேக்கயே.”

கஜேந்தினி அதைக் கடைசிப் படியில் வைத்துக் கேட்டாள். நிற்கவில்லை. ஏ-ஒன்பது வீதியில் வெயில் கண்ணைக் குத்தியது. எதிர்ப்பக்கம் முல்லைத்தீவு பஸ் புகை கக்கிக்கொண்டு வெளிக்கிடத் தயாராக நின்றது. அவள் வீதியைக் குறுக்கே கடந்து, முன்வாசலால் ஏறினாள்.